அடுத்தவர் கையால் மனை போட்டவர்

அவர் பெயரை நான் இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் நீங்கள் இருவரும் அந்த ஒரு ஆளிடம் மட்டும் ஜாக்கிரதையாக இருப்பீர்கள். வில்லியனூரிலிருந்து பாகூர் வரைக்கும் ரோட்டோரம் கலர் கொடி நட்ட இடங்களில் அவர் மாதிரி எத்தனையோ பேர் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

முதலில் அவருடைய கையைச் சொல்லிவிடுகிறேன். பேச ஆரம்பித்ததும் நம்முடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொள்வார். பேச்சு முடிகிறவரை விடமாட்டார். சித்திரை வெயிலிலும் அந்த உள்ளங்கை ஜில்லென்று ஈரமாக இருக்கும், மழைக்காலத்துச் சுவரைத் தொட்டது போல. வேட்டியில் எத்தனை தடவை துடைத்தாலும் அந்த ஈரம் போன மாதிரி இருக்காது. ஜவ்வாது வாசனை வேறு ஒட்டிக்கொள்ளும். நான் வீட்டுக்குள் நுழையும்போதே உங்கள் அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

"இன்னாங்க, அந்த ஆளைப் பாத்துட்டு வர்றீங்களா? போயி கையக் கழுவிக்கினு வந்து சோத்துல கைய வைங்க" என்பாள்.

நான் அவரை முதலில் பார்த்தது வில்லியனூரில் ஒரு டீக்கடையில். மில்லை மூடி, கணக்கு முடித்துக் கொடுத்த பணம் பேங்கில் கிடந்த நேரம். பத்தாவதோடு நின்றவன் நான். ஓடுகிற மிஷினிலேயே அறுந்த நூலை முடிச்சுப் போடத் தெரியும். வேறு தொழில் தெரியாது. அந்தப் பணத்தை உட்கார்ந்து தின்றுவிடுவோமோ என்ற பயம் மட்டும் இருந்தது. பக்கத்தில் இருந்த வெள்ளைச் சட்டைக்காரர் என் ஊரைக் கேட்டார், யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார். டீ ஆறுவதற்குள் நான் அவருக்கு மச்சான் ஆகிவிட்டேன். யாரை மச்சான் என்பது, யாரை அண்ணே என்பது, யாரை சார் என்பது என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. அது தப்பி நான் பார்த்ததில்லை.

என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். சுண்டுவிரல் நகத்தை நீளமாக வளர்த்திருந்தார். அதைக்கொண்டுதான் காது குடைவார், பல் குத்துவார். மனை வரைபடத்தில் எல்லையைக் காட்டுவதும் அதே நகத்தால்தான். அந்த நகத்தை என் உள்ளங்கை ரேகைமேல் ஓட்டினார்.

"மச்சான், இது ராசியான கைபா. இருவது வருசம் பஞ்சைத் தொட்டே குடும்பத்த நிமித்தியிருக்க. மண்ணைத் தொட்டா இன்னா ஆவும்னு பாரு."

"எனக்கு நெலத்தப் பத்தி ஒண்ணும் தெரியாதுங்க."

"தெரிஞ்சவன் எவன்பா முன்னுக்கு வந்தான்? தெரிஞ்சவன் வக்கீல் வூட்டுக்குப் போய்க்கினே இருப்பான். நீ கைய மட்டும் குடு. மத்தது நான் பாத்துக்கறேன்."

எங்கள் பக்கத்தில் கைராசி பார்ப்பது உங்களுக்குத் தெரியும். நாற்றங்காலுக்கு விதை விடுகிற அன்றைக்குக் கைராசிக்காரர் என்று பெயரெடுத்த ஒருவரைக் கூப்பிட்டு முதல் பிடி அள்ளிப் போடச் சொல்வார்கள். கடை திறந்தால் முதல் வியாபாரம் அவர் கையால் நடக்க வேண்டும். அப்படிக் கூப்பிடப்பட்டவன் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சொன்னால் அந்தக் குடும்பத்துக்கே ஆகாது என்பார்கள். என்னை என் வாழ்க்கையில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிற ஒருவனிடம் வந்து உன் கை ராசியான கை என்று சொன்னால் அவன் என்ன ஆவான்? நான் குளிர்ந்துபோனேன். அந்த ஈரக் கை அன்றைக்கு எனக்கு அருவருப்பாகத் தோன்றவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும்.

சின்ன முதல் வைத்திருக்கிறவன் எப்படி மனைத் தொழிலில் இறங்குவது என்று அவர் எனக்குப் பாடம் சொன்னார். நிலத்தை வாங்கக் கூடாது. வாங்கினால் பணம் அதிலேயே புதைந்துவிடும். நிலத்துக்காரருக்குக் கொஞ்சம் முன்பணம் கொடுத்து ஒப்பந்தம் மட்டும் போட வேண்டும். அவரிடம் பவர் எழுதி வாங்கிக்கொண்டு, செம்மண் கொட்டி ரோடு போட்டு, கல் நட்டு, அனுமதி வாங்கி, மனை மனையாக விற்க வேண்டும். மனை வாங்குகிறவர்கள் கொடுக்கிற பணத்திலேயே நிலத்துக்காரர் பாக்கியைத் தீர்க்க வேண்டும். மிச்சம் நிற்கிற மனைகள்தான் நம் லாபம். இதில் பொய் ஒன்றும் இல்லை. இன்றைக்கும் இப்படித்தான் நடக்கிறது, நேர்மையாகச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

என்னோடு இன்னொருவரும் முதல் போட்டார், வில்லியனூரில் அரிசிக்கடை வைத்திருக்கிற பாய். நாங்கள் இரண்டு பேர் முதல், அவர் உழைப்பு, லாபத்தில் மூன்று பங்கு. ஒப்பந்தம் எழுதுகிற அன்றைக்குப் பேனாவை என் பக்கம் நகர்த்தினார்.

"நீ போடு மச்சான். என் கை வெளங்காத கை. என் கல்யாணப் பத்திரிகையிலயே எங்க சித்தப்பா பேரைத்தான் போட்டோம்."

ஒப்பந்தம் என் பெயரில். பவர் என் பெயரில். ஆபீசுக்குக் கொடுத்த மனுவெல்லாம் என் பெயரில். நோட்டீசில் அச்சடித்தது என் செல் நம்பர். பாய் ஒருநாள் கடையில் வைத்துச் சொன்னார், "நமக்கெல்லாம் கைராசி. அவருக்கு வாய்ராசி. எது பெருசுன்னு அப்பால தெரியும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். நானும் சிரித்தேன்.

ஒருமுறை அந்த வாய்ராசிக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டு மாடி, படியெல்லாம் கிரானைட். வீடு மாமியார் பெயரில், கார் டிரைவர் பெயரில். அவரே சொன்னார், பெருமையாகத்தான். கூடத்துச் சுவர் முழுக்கப் பெரிய பெரிய போட்டோக்கள். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் குனிந்து கல் நட்டுக்கொண்டிருக்கிறார். ஒருவர் பேண்ட் போட்ட ஆள், ஒருவர் வேட்டி, ஒரு போட்டோவில் பட்டுப்புடவை கட்டிய அம்மாள். எல்லாவற்றிலும் இவர் பின்னால் கும்பிட்டபடி நிற்கிறார்.

"இவங்கல்லாம் யாருங்க?"

"எல்லாம் கைராசிக்காரங்க மச்சான். உன் போட்டோவும் வரும் பாரு" என்றார்.

அதில் இரண்டு பேர் ஊரை விட்டே போய்விட்டார்கள் என்று பிற்பாடு பாய் விசாரித்துச் சொன்னார்.

நாங்கள் எடுத்தது பாகூர் பக்கம் இரண்டு காணி நஞ்சை. நிலத்துக்காரர் வயதானவர், டவுனில் மகன் வீட்டோடு போய்விட்டவர். அவரிடம் ஒரு வருஷம் பயிர் வைக்காமல் போடச் சொன்னார் இவர். பயிர் நிற்கிற நிலத்துக்கு அனுமதி வாங்குவது கஷ்டம், தரிசு என்றால் சுலபம். நெல் விளைந்த அந்த மண்ணில் ஆறே மாதத்தில் வேலிகாத்தான் முளைத்து முள் விட்டது. அவர் ரோட்டில் காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, அதைப் பார்த்துச் சொன்னார்: "வேலிகாத்தான் முளைச்சா லட்சுமி முளைச்ச மாரி மச்சான்." ஒரு குடியானவன் வாயில் வரக்கூடாத வார்த்தை அது. அவர் அப்பாவும் ஏர் பிடித்தவர்தான்.

அந்த இரண்டு காணியின் ஒரு மூலையை அறுத்துக்கொண்டு சாய்வாக ஒரு வயல் வாய்க்கால் ஓடியது. ஏரித் தண்ணீர் அதன் வழியாகக் கீழே இருக்கிற அரைக் காணிக்குப் போகும். பட்டாவிலும் வரைபடத்திலும் அந்த வாய்க்கால் கிடையாது. மேல் நிலத்துக்காரர் கீழ் நிலத்துக்காரருக்குத் தலைமுறையாக விட்டுக்கொடுத்த வழி, அவ்வளவுதான். கீழே இருந்த அரைக் காணி அந்தோணியம்மா அக்காவுடையது. அவர் வீட்டுக்காரர் என்னோடு மில்லில் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர். மில் மூடுவதற்கு முன்பே தவறிவிட்டார். அக்கா அந்த நிலத்தில் நெல்லும் அதை அறுத்தபின் உளுந்தும் போட்டுத்தான் இரண்டு பெண்களைக் கட்டிக் கொடுத்தார்.

மனைப்பிரிவுக்குப் பக்கத்து நிலத்துக்காரர் ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். அதை வாங்கிவர அவர் என்னைத்தான் அனுப்பினார்.

"நான் போனா அந்தம்மா நாய அவுத்து வுடும். நீ வூட்டு மனுசன். உன் கையால நீட்டு."

"தண்ணிக்கு வழி?"

"ரோட்டுக்கு அடியில பைப்பு போடப் போறோம்னு சொல்லு மச்சான். வாய்க்காலைவிட பைப்புல சுத்தமா போவும்."

நான் அதை நம்பினேன். அப்படி எழுதுவது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால், எந்த வரைபடத்தில் பைப் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று தெரிந்திருக்கும். தெரிந்தால் போக முடியாது.

அக்கா வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தார். காகிதத்தை நீட்டி விஷயத்தைச் சொன்னேன்.

"தண்ணி வருமா தம்பி?" என்று ஒன்றுதான் கேட்டார்.

"வரும்க்கா. பைப்பு போடறாங்க."

கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

கல் நடுகிற நாள் வந்தது. பந்தல், ஸ்பீக்கர், ஆளுக்கு ஒரு பாட்டில் ஜூஸ். முதல் கல்லை என்னைத்தான் நடச் சொன்னார். கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் அறுத்து, நான் குனிந்தேன், போட்டோ எடுத்தார்கள். அதன்பின் பொக்லைன் வாய்க்காலில் இறங்கி மேல் கரையை உடைத்து மூடியது. தண்ணீர் நின்றுபோய்க் கடைசியில் ஒரு பள்ளம் மட்டும் மிஞ்சியது. அதில் மீன் துள்ளியது. கெளுத்தி, குறவை, இரண்டு மூன்று விரால். சேற்றில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு கிடந்தன.

மனை பார்க்க வந்த கூட்டம் வேடிக்கை பார்த்தது. அவருக்கு உடனே ஒரு யோசனை வந்துவிட்டது. பொக்லைன் ஆளை விட்டு அவற்றை வாளியில் அள்ளச் சொன்னார். பிளாஸ்டிக் கவர் வாங்கிவரச் சொன்னார். மைக்கைப் பிடித்து, "பாருங்க சார், மண்ணைத் தோண்டினா மீனு வருது. நம்ம மனையில தண்ணி வளம் எப்படின்னு நீங்களே பாத்துக்கங்க. இன்னிக்கு அட்வான்ஸ் குடுக்கிற எல்லாருக்கும் ஒரு கவர் மீனு நம்ம அன்பளிப்பு" என்றார்.

ஜனங்கள் கை தட்டினார்கள். கவருக்குள் மீன் துடித்தது. ஸ்கூட்டர் ஹாண்டிலில் மாட்டிக்கொண்டு போனார்கள். எந்த வாய்க்காலைக் கொல்கிறாரோ, அதன் மீனையே காட்டி அந்த இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று விற்றார். அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கையிலும் ஒரு கவர் இருந்தது. உங்கள் அம்மா குழம்பு வைத்தாள். நாம் நான்கு பேரும் சாப்பிட்டோம். சின்னவன் முள் எடுத்துத் தரச் சொன்னான்.

ஆனால் ஒன்றை விட்டுவிட்டு எழுதினால் நான் பொய்யன் ஆகிவிடுவேன். அந்த வருஷம் ஐப்பசியில் பெரியவளுக்கு டெங்கு வந்தது. ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறது, அதே வகை ரத்தம் உள்ள ஆள் வேண்டும் என்றார்கள். எனக்கும் சேரவில்லை, அம்மாவுக்கும் சேரவில்லை. நான் யார் யாருக்கோ போன் போட்டேன். அவருக்குப் போடவில்லை. பாய் சொல்லித் தெரிந்துகொண்டு அவரே வந்தார். சேர்ந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு படுத்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆஸ்பத்திரி பாரத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் கையெழுத்தை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பள்ளிக்கூடப் பிள்ளை எழுத்து மாதிரி குண்டு குண்டாக இருந்தது.

அதை அவர் ஒருநாளும் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் அவரை வெறுப்பது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அதை எங்கே வைப்பது என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை. பெரியவளே, நீ இதைப் படிக்கும்போது உனக்கும் தெரியாமல் போகலாம்.

மனைகள் விற்று முடிந்து பங்கு பிரித்தோம். எனக்கு மூன்று மனை. வரிசையாக மூன்றும் என் பக்கமே வரும்படி நகத்தால் கோடு போட்டுக் காட்டினார். "கிழக்குப் பாத்த மனை மச்சான். ஒரே சேர்மானமா இருக்குது, பின்னாடி உனக்கு உதவும்." நான் நன்றி சொன்னேன். பத்திரம் பதிந்து ஒரு மாதம் கழித்து, பழைய வரப்பு நினைவை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றபோதுதான் தெரிந்தது. மூடின வாய்க்கால் சாய்வாக அந்த மூன்று மனையையும்தான் அறுத்துக்கொண்டு போகிறது. மற்றவர் யார் மனையிலும் ஒரு அடிகூட இல்லை. நாளைக்கு எவராவது வாய்க்காலை அடைத்தவன் யார் என்று கேட்டால், கை காட்ட ஒரே ஆள் நான்.

அவரிடமே போய்க் கேட்டேன். ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்.

"எவன் கேக்கப்போறான்? கேட்டாலும் மனு உன்னுது, அந்தம்மா கிட்ட கையெழுத்து வாங்கினவன் நீ, மனையும் உன்னுது. எல்லாம் ஒருத்தன் கையில இருந்தா பேசறது சுலபம்பா. நான் யாரு? கூட வந்தவன்."

"பைப்பு போடறதா சொன்னீங்களே."

"சொன்னேன். நீயும்தான் சொன்ன."

கோபமாகச் சொல்லவில்லை. ஸ்டிராவால் அடியில் இருந்ததை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்.

முதல் வருஷம் அக்கா பக்கத்தில் போர்வெல் வைத்திருந்தவரிடம் காசு கொடுத்துத் தண்ணீர் இறைத்தார். இரண்டாம் வருஷம் அவர் தண்ணீர் கொடுக்க முடியாது என்றார். மூன்றாம் வருஷம் நிலம் சும்மா கிடந்தது. நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். பஸ்ஸில் அக்கா ஏறினால் நான் பின்வழியாக இறங்கிக்கொள்வேன்.

அப்போது அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், அந்தோணியம்மா நெலம் சொம்மாதான கெடக்குது? வேலிகாத்தான்கூட வந்துடுச்சி. நம்ம மனைக்கு அடுத்தாப்ல ரெண்டாம் பகுதி போட்டுடலாம். நீ போய்க் கேளு. அந்தம்மா உனக்கு இல்லன்னு சொல்லாது."

எனக்குச் சட்டென்று எல்லாம் வரிசையாகத் தெரிந்தது. ஆரம்பத்திலேயே அவர் கண் அந்த அரைக் காணிமேல்தான். தண்ணீரை நிறுத்தினால் அது தானாகத் தரிசாகும். தரிசானால் விலை இறங்கும். மூன்று வருஷம் காத்திருந்திருக்கிறார், கொக்கு மாதிரி. இப்போதும் கேட்கப் போகிறவன் நான்தான்.

போகமாட்டேன் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் போகவும் செய்தேன். நான் பேசினால் அக்காவுக்கு நல்ல விலையாவது வாங்கிக்கொடுக்கலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன். அந்த மூன்று வருஷத்தில் நானும் அவரைப் போலப் பேசக் கற்றுக்கொண்டிருந்தேன்.

அக்கா நிலத்தில் இருந்தார். முழங்கால் உயரம் வேலிகாத்தான். கொடுவாளால் வெட்டி, முள்ளைக் கவைக்கோலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். முன்கையெல்லாம் கீறல். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"நெலத்தக் கேக்க வந்தியா?"

காலில் ஏறிய முள்ளைப் பிடுங்க நான் குனிந்தேன்.

"அந்த ஆளு யார் யாரையோ அனுப்பிச்சான். நான் சொல்லி அனுப்பிச்சேன், வாய்க்கால அடைக்க வந்தவனையே அனுப்புன்னு. வந்துட்ட."

"அக்கா, எனக்கு அப்ப தெரியாதுக்கா."

"இப்ப தெரியுமில்ல?" என்று கேட்டுவிட்டுக் குனிந்து வெட்ட ஆரம்பித்தார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று மனையையும் தோண்டி வாய்க்காலைத் திறந்துவிடலாம் என்று இருக்கிறேன் என்றேன். மில் பணத்தில் நமக்கு மிஞ்சியது அந்த மனைகள்தான். பெரியவள் நர்சிங் படிப்புக்கு ஒன்று, வீட்டுக் கூரையை மாற்ற ஒன்று, சின்னவனுக்கு ஒன்று என்று அவள் மனதுக்குள் பங்கு போட்டு வைத்திருந்தாள்.

"ஒண்ணையாவது நிறுத்திக்க முடியாதா?"

தரையில் சாக்குக்கட்டியால் வரைந்து காட்டினேன். வாய்க்கால் சாய்வாகப் போகிறது. இரண்டு பக்கமும் கரைக்கு இடம் விட்டால் எந்த மனையிலும் ஒரு அறை கட்டக்கூட இடம் மிஞ்சாது. அவள் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. நான்காம் நாள் சோறு போடும்போது, "அந்த மீனை நான்தான அலசினேன்" என்றாள். நான் அன்றைக்கே பொக்லைனுக்குச் சொன்னேன்.

தோண்டின அன்றைக்கு அவர் வந்து ரோட்டில் காரை நிறுத்தினார். இறங்கவில்லை.

"மச்சான், உன் மனை, நீ கெணறு வெட்டு, கோயில் கட்டு, எனக்கு இன்னா? ஆனா கொசு வருதுன்னு மத்தவன் கேஸ் போடுவான். உன் பேருலதான் வரும்."

"வரட்டுங்க."

"பொண்ணு படிக்குதில்ல?"

அதைக் கேட்டபோது அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனார். இப்போது திருக்கனூர் பக்கம் புதிதாகப் போட்டிருக்கிறார் என்று கேள்வி. யாரோ ஒரு வாத்தியார் கல் நட்டிருக்கிறார்.

செம்மண்ணுக்குக் கீழே மூன்றடியில் பழைய கறுப்புச் சேறு வந்தது. அழுகிப்போன நாற்றம் இரண்டு நாள் அந்த மனைப்பிரிவு முழுக்க அடித்தது. வீடு கட்டிக் குடிவந்திருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து திட்டினார்கள். அவர்கள் திட்டியது நியாயம்தான். ரோட்டைத் தாண்டுகிற இடத்துக்கு சிமெண்ட் குழாய் வேண்டியிருந்தது. அது தன் செலவு என்று பாய் இரண்டு குழாயை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். வீட்டுக்காரர்களிடம் பேசிச் சமாதானப்படுத்தியதும் அவர்தான். "நானும் லாபத்துல தின்னவன்தானப்பா" என்றார்.

ஏரி மதகு திறந்த அன்றைக்குத் தண்ணீர் வந்தது. முதலில் நுரையும் குப்பையுமாக, அப்புறம் கலங்கலாக, மத்தியானத்துக்குமேல் ஓட்டம் பிடித்தது. அந்தோணியம்மா அக்கா வரப்பில் நின்று மடையைத் திறந்துவிட்டார். தண்ணீர் நிலத்துக்குள் பரவுகிறதைப் பார்த்துக்கொண்டே நின்றார். எனக்கு நன்றி சொல்வார் என்று நான் நினைத்ததை மறைக்க மாட்டேன்.

"நீ இருக்கிற வரைக்கும் வரும்" என்றார். "அப்பால?"

"என் புள்ளைங்க அடைக்காதுங்கக்கா."

"நீயுந்தான் நல்ல புள்ளையா இருந்த."

பாயிடம் யோசனை கேட்டேன், அவர் பத்திரம் எழுதுகிறவரிடம் கூட்டிக்கொண்டு போனார். தண்ணீர்ப் பாத்தியதை என்று எழுதிப் பதிந்துவிடலாம், அதன்பின் அந்த மூன்று மனையையும் யார் வாங்கினாலும் யாருக்குப் போனாலும் வாய்க்காலை அடைக்க முடியாது என்று பத்திரம் எழுதுகிறவர் சொன்னார். எழுதினோம். உங்கள் இருவருக்கும் இதைத் தெரியப்படுத்தத்தான் இவ்வளவும். அந்த மனைகளை வாங்க ஆள் வந்தால் பத்திரத்தைக் காட்டுங்கள், போய்விடுவான்.

பதிவு ஆபீசில் அன்றைக்குக் கூட்டம். மூன்று பக்கம்தான் பத்திரம். என் முறை வந்து நான் கையெழுத்துப் போட்டுவிட்டு அக்காவிடம் நகர்த்தினேன். அவர் இடுப்பிலிருந்து கண்ணாடிக்கூட்டை எடுத்தார். கண்ணாடியை முந்தானையில் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல் வரியில் விரலை வைத்து வாய்க்குள் முணுமுணுத்தபடி படிக்க ஆரம்பித்தார். பின்னால் நின்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பாய் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு பக்கம் முடிந்து திருப்பி, ஏதோ சந்தேகம் வந்து மறுபடி முதல் பக்கத்துக்கே வந்தார்.

"அம்மா, கையெழுத்துதான போடணும், சீக்கிரம் போடுங்க" என்றார் மேஜையில் இருந்தவர்.

அக்கா நிமிரவில்லை. "இரு தம்பி, இன்னும் ரெண்டு பக்கம் கீது" என்றார்.